சதவீதமும் மில்லி ஆம்பியரும்

சி.ஓ.2 லேசர் மெஷினின் பின்கதவைத் திறந்து பவர் சப்ளையைப் பார்த்தால், அதன் முகத்தில் பச்சை நிறத்தில் சின்ன கனெக்டர் ஒன்று இருக்கும். ஆறு ஸ்க்ரூ. டி.எச்., டி.எல்., டபிள்யூ.பி., ஜி, ஐ.என்., 5வி என்று வரிசையாக அச்சிட்டிருக்கும். அரியலூர்ப் பக்கம் என்றால் சிமென்ட் லாரிகள் கிளப்பும் தூசியைத் துடைத்த பிறகுதான் எழுத்தே தெரியும். அரியலூர், பெரம்பலூர் இரண்டு மாவட்டங்களிலும் எனக்கு வரும் லேசர் பழுதுகளில் பெரும்பகுதி இந்த ஆறு ஸ்க்ரூவைத் தாண்டுவதில்லை. போன் செய்கிறவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். "டியூப் போயிடுச்சுண்ணே" என்பார்கள். போய்ப் பார்த்தால் டியூப் நன்றாகத்தான் இருக்கும்.

நம் ஊர்களில் லேசர் கட்டிங் என்பது சின்னக் கடைகளின் தொழில். பெயர்ப் பலகைக்காரர், பள்ளி ஆண்டுவிழாவுக்குக் கேடயம் செய்பவர், கல்யாணப் பத்திரிகை அச்சகம், ரப்பர் ஸ்டாம்ப் கடை, கோல அச்சு வெட்டுபவர். 40 வாட்டிலிருந்து 100 வாட் வரை கண்ணாடி டியூப். ஒவ்வொருவரும் வாங்கிய இடமும் கொடுத்த விலையும் வேறு என்பதால் உள்ளே இருக்கும் கன்ட்ரோலரும் வேறு. ஒரு கடையில் ரூய்டா போர்டு, இரண்டு கடை தள்ளி ட்ரோசன், எதிர்வரிசை மாடியில் ஆர்டுயினோவில் ஜி.ஆர்.பி.எல். ஏற்றி ஓட்டும் இன்ஜினியரிங் பையன். மூன்று பேரும் "பவர் நாப்பது வச்சேன்" என்பார்கள். மூன்று டியூபிலும் ஓடும் கரன்ட் மூன்று விதமாக இருக்கும்.

நான் வந்த வழி டி.வி. ரிப்பேர். 2006-இல் ஆட்சிக்கு வந்த அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்க ஆரம்பித்த பிறகு, பெரம்பலூரைச் சுற்றிய கிராமங்களில் 14 அங்குலப் பெட்டி இல்லாத வீடு குறைவு. இடி மழைக்கு மறுநாள் என் கடை வாசலில் பெட்டிகள் வரிசை கட்டி நிற்கும். பிக்சர் டியூபுக்கு இருபதாயிரம் வோல்ட் கொடுக்கும் ஃப்ளைபேக் டிரான்ஸ்பார்மரை அப்போதுதான் கரைத்துக் குடித்தேன். எல்.இ.டி. டி.வி. வந்து அந்தப் பிழைப்பு படுத்துவிட்ட நேரத்தில், கேடயக் கடைக்காரர் ஒருவர் தன் லேசர் சப்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார். மூடியைத் திறந்தால் எல்லாம் தெரிந்த முகங்கள்: பிரிட்ஜ் ரெக்டிஃபயர், இரண்டு பெரிய கெப்பாசிட்டர், ஃபெரைட் டிரான்ஸ்பார்மர், ஓரத்தில் டி.எல். 494 ஐ.சி. பழைய கம்ப்யூட்டர் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் இருக்குமே, அதே ஐ.சி. எனக்குப் புதிதாக இருந்தது அந்தப் பச்சை கனெக்டர் மட்டும்தான். டி.வி.க்குள் யாரும் வெளியிலிருந்து 'இன்று இவ்வளவு போதும்' என்று உத்தரவு அனுப்புவதில்லை.

கண்ணாடி டியூபுக்கு ஒரு குணம் உண்டு. பற்றவைக்க இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் கேட்கும். பற்றிக்கொண்டதும் உள்ளே இருக்கும் வாயு மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கிவிடும், வோல்ட் சடாரென்று இறங்கும். கரன்ட் ஏற ஏற வோல்ட் இன்னும் கொஞ்சம் இறங்கும். வீட்டு பல்பு மாதிரி நினைத்து வோல்ட்டை நிலையாக வைத்துக் கொடுத்தால் கரன்ட் கட்டுக்கடங்காமல் ஏறி டியூபையும் சப்ளையையும் சேர்த்து முடித்துவிடும். ஆகவே சப்ளை பிடித்து வைத்திருப்பது கரன்ட்டை. கூடினால் குறைத்து, குறைந்தால் கூட்டி, சொன்ன அளவில் நிறுத்துவது அதன் வேலை. அந்த அளவைச் சொல்வது ஐ.என். முனை. பூஜ்யம் வோல்ட் என்றால் ஒன்றுமில்லை, 5 வோல்ட் என்றால் முழுசு. டி.எல். முனையை ஜி-யோடு தொட்டால் சுடும். டி.எச். தலைகீழ், 5 வோல்ட் கொடுத்தால் சுடும். டபிள்யூ.பி. தண்ணீருக்கு: ஃப்ளோ ஸ்விட்ச் 'தண்ணீர் ஓடுகிறது' என்று சொன்னால்தான் சப்ளை வாய் திறக்கும்.

இந்த சி.ஓ.2 லேசரையே 1964-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கண்டுபிடித்தவர் குமார் படேல், மகாராஷ்டிரத்து பாராமதியில் பிறந்தவர். கார்பன் டை ஆக்சைடோடு நைட்ரஜனைச் சேர்த்தால் ஒளி பல மடங்கு கூடும் என்று காட்டியதும் அவர்தான். கடைக்காரர்கள் "சைனா ஐட்டம்" என்று அலட்சியமாகச் சொல்லும்போதெல்லாம் இதை எடுத்துவிடுவேன். நம்ப மாட்டார்கள்.

கன்ட்ரோலர் மாறினால் மாறுவது இரண்டே சங்கதி: ஐ.என்.-க்கு என்ன போகிறது, டி.எல்.-க்கு என்ன போகிறது.

ஐ.என்.-க்கு உத்தரவு போகும் வழிகள் இரண்டு. அனலாக் என்றால் 40 சதவீதத்துக்கு 2 வோல்ட் ஆடாமல் நிற்கும். பி.டபிள்யூ.எம். என்றால் 5 வோல்ட்டை முழுதாகக் கொடுத்து, முழுதாக நிறுத்தி, நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை இப்படியே போகும். மொத்த நேரத்தில் நூறில் 40 பங்கு மட்டும் கொடுத்த நேரம். மடையைக் கால்வாசி திறந்துவிடலாம், அல்லது முழுக்கத் திறந்து திறந்து மூடலாம். வாய்க்கால் நீளமாக இருந்தால் கடைசி வயலுக்கு இரண்டும் ஒன்றுதான். வாய்க்கால் குட்டை என்றால் தண்ணீர் அலை அலையாக வந்து பாத்தியை உடைக்கும். சப்ளைக்குள் ஐ.என்.-ஐ ஒட்டியிருக்கும் ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும்தான் அந்த வாய்க்கால்.

ரூய்டாவின் 6442 போர்டில் இரண்டு வழிக்கும் தனித்தனி முனை உண்டு. ஒன்று அனலாக், ஒன்று பி.டபிள்யூ.எம். கண்ணாடி டியூபுக்கு பி.டபிள்யூ.எம். அதிர்வெண்ணை 20 கிலோஹெர்ட்ஸில் வைப்பார்கள். அந்த வேகத்தில் அலை உள்ளேயே சமமாகிவிடும். ஆர்டுயினோ ஊனோவில் ஓடும் ஜி.ஆர்.பி.எல். 1.1 கொடுப்பது சுமார் 1 கிலோஹெர்ட்ஸ்தான். அந்த மாடிப் பையனின் சிக்கல் இதுதான். போட்டோ என்கிரேவிங் செய்தால் முகத்தின் குறுக்கே மெல்லிய வரிகள் விழுகின்றன என்று பெல்ட்டை மாற்றினான், ரெயிலை மாற்றினான். நொடிக்கு 300 மில்லிமீட்டர் வேகத்தில் தலை ஓடுகிறது. ஆயிரத்தில் ஒரு நொடிக்கு ஒரு துடிப்பு. வகுத்தால் 0.3 மில்லிமீட்டருக்கு ஒரு துடிப்பு. லென்ஸ் கண்ணாடியை வைத்துப் பார்த்தோம். வரிகளுக்கு நடுவே அதே இடைவெளி. "அப்ப பெல்ட்டு காசு தண்டமாண்ணே?" என்றான். ஐ.என்.-க்கு முன்னால் ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் போட்டு வாய்க்காலை நீட்டினோம். வரி மறைந்தது, ஆனால் கறுப்பிலிருந்து வெள்ளைக்கு மாறும் இடங்கள் லேசாகக் கலங்கின. வாய்க்காலை நீட்டினால் தண்ணீர் வந்து சேர நேரமாகும், நிற்கவும் நேரமாகும். பிறகு டைமர் செட்டிங்கை மாற்றி அதிர்வெண்ணை உயர்த்திக்கொண்டான். அதை அவனே செய்தான்.

சின்ன 40 வாட் மெஷின்களின் கதை வேறு. அவற்றோடு வரும் எம்2 நானோ போர்டுக்குப் பவரைக் கூட்டக் குறைக்கத் தெரியாது. சுடு, நிறுத்து, அவ்வளவுதான். கரன்ட்டைத் தீர்மானிப்பது முன்பலகையில் இருக்கும் திருகு. அது 5 வோல்ட்டைப் பிரித்து ஐ.என்.-க்கு அனுப்பும் சாதாரண பொட்டென்ஷியோமீட்டர். ஸ்டாம்ப் கடைகளுக்கு அது போதும், சொல்லப்போனால் அதுதான் நல்லது. கெட்டுப்போக அதில் என்ன இருக்கிறது? தொல்லை வருவது போர்டை மாற்றும்போது. புதுப் போர்டின் பி.டபிள்யூ.எம்.-ஐ டி.எல். முனையில் கொடுத்துவிட்டு, பழைய திருகை ஐ.என்.-இல் அப்படியே விட்டுவிடுவார்கள். இது தப்பான முறை இல்லை. திருகு மேல்வரம்பு, கம்ப்யூட்டர் அதற்குள் பங்கு பிரிக்கும். ஆனால் இரண்டும் ஒன்றையொன்று பெருக்கும் என்பதைக் கடையில் வேலை செய்யும் பையனிடம் யாரும் சொல்வதில்லை. திருகு பாதியில், ஸ்கிரீனில் 50 என்றால் டியூபுக்குக் கிடைப்பது கால் பங்கு. பெரம்பலூரில் ஒரு கடையில் காலை ஷிப்ட்காரர் திருகைத் தொடுவார், மாலை ஷிப்ட்காரர் ஸ்கிரீனைத் தொடுவார். முதலாளி அக்ரிலிக் தரத்தைத் திட்டிக்கொண்டிருந்தார். திருகின் மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டிவிட்டு வந்தேன்.

டி.எல்.-இல் பி.டபிள்யூ.எம். கொடுப்பதில் இன்னொன்றும் உண்டு. இந்த சப்ளைகள் சுடச் சொன்னதிலிருந்து முழுக் கரன்ட்டுக்கு வர ஏறக்குறைய ஒரு மில்லி செகண்ட் எடுத்துக்கொள்ளும். 20 கிலோஹெர்ட்ஸில் டி.எல்.-ஐ ஆட்டினால், எழுவதற்குள் உட்காரச் சொன்ன கதையாகிவிடும். ஐ.என்.-க்கு வேகமான அலை நல்லது, டி.எல்.-க்கு மெதுவானது நல்லது. இரண்டுக்கும் ஒரே எண்ணை வைக்கச் சொல்லும் வீடியோக்கள் பார்த்துவிட்டு வருகிறவர்களிடம் வாதாடி எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது.

அரும்பாவூர் மரச்சிற்பங்களுக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே லேசருக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். சிற்பி ஒருவர் என்னை அழைத்தது, மரத்தில் வரைபடத்தைப் பதியவைக்க மட்டும். ஒரே அளவில் பல திருவாசிகள் கேட்டால், ஒவ்வொன்றுக்கும் கையால் வரைந்துகொண்டிருக்க முடியாது. "கோடு தெரிஞ்சா போதுங்க, கரி ஏறக் கூடாது; உளி கரியில வழுக்கும்" என்றார். வாகைப் பலகையில் கோடு போட்டுப் பார்த்தோம். 15 சதவீதத்தில் கரி ஏறியது. 9 சதவீதத்தில் கோடு துண்டு துண்டாக விழுந்தது. கொடிக் கருக்கின் வளைவு, புள்ளிக் கோலம் மாதிரி. அவருடைய மகன் 10, 10.5, 11 என்று எண்ணை மாற்றிக்கொண்டே இருந்தான். சின்னக் கரன்ட்டில் டியூப் அணைந்து அணைந்து எரியும். மூன்று, நான்கு மில்லி ஆம்பியருக்குக் கீழே பெரும்பாலான கண்ணாடி டியூப்கள் இப்படித்தான். எந்தக் கன்ட்ரோலர் என்ன எண்ணைக் காட்டினாலும் அந்தப் பள்ளத்தில் நிதானமாக நிற்க முடியாது. கரன்ட்டை ஆறு மில்லி ஆம்பியருக்கு ஏற்றி டியூபை ஒழுங்காக எரியவிட்டு, வேகத்தை மூன்று மடங்காக்கினோம். மெல்லிய பழுப்புக் கோடு விழுந்தது. சிற்பி விரலால் தடவிப் பார்த்தார், கரி ஒட்டவில்லை. கல்யாணப் பத்திரிகைக் காகிதத்துக்கும் இதே வைத்தியம்தான்.

பெயர்ப் பலகைக்காரர்களுக்குத் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. நம் எழுத்தில் வளைவு அதிகம். ஆங்கில எச், டி, எல் என்றால் நேர்க்கோடு, தலை முழு வேகம் பிடிக்கும். 'ஞா', 'ணை', 'ஜூ' என்று வந்தால் சுழியில் தலை வேகம் குறைந்துகொண்டே இருக்கும். வேகம் குறைந்த இடத்தில் அதே கரன்ட் போனால் அக்ரிலிக் உருகும், எம்.டி.எஃப். கருகும். ஒவ்வொரு கன்ட்ரோலரும் இதற்கு ஒவ்வொரு தீர்வு வைத்திருக்கிறது. ரூய்டாவில் மினிமம் பவர், மேக்சிமம் பவர் என்று இரண்டு எண்கள். தலை மெதுவாகும்போது மினிமத்துக்கு இறங்கும், வேகம் பிடிக்கப் பிடிக்க மேக்சிமத்துக்கு ஏறும். ஜி.ஆர்.பி.எல்.-இல் எம்3 என்றால் வேகம் என்னவானாலும் ஒரே பவர். எம்4 என்றால் அந்தக் கணத்து வேகத்துக்கு ஏற்ப பவரும் இறங்கும், தலை நின்றால் சுடாது. எம்4 வேலை செய்ய 32-ஆம் செட்டிங்கில் ஒன்று போட்டிருக்க வேண்டும். அதை மறந்துவிட்டு எம்4-ஐக் குறை சொல்கிறவர்கள் உண்டு.

ஜெயங்கொண்டத்துக் கடை ஒன்றில் நேர்மாறான புகார். பெரிய எழுத்தெல்லாம் சுத்தமாக வெட்டுகிறது. ஓர் அங்குல உயரத்தில் தமிழ் எழுத்து வெட்டினால் மட்டும் பின்பக்கம் ஒட்டிக்கொண்டே இருக்கிறது. டியூப் மாற்ற முன்பணமே கொடுத்துவிட்டார். பார்த்தால் மினிமம் 12, மேக்சிமம் 60, வேகம் 25. அவ்வளவு சின்ன 'ஞா'-வில் தலை 25 வேகத்தை எட்டவே இல்லை. ஸ்கிரீனில் 60 என்று இருக்கிறது, மீட்டர் முள் பாதிக்கும் கீழே ஆடிக்கொண்டிருக்கிறது. வேகத்தைப் பத்துக்கு இறக்கி, மினிமத்தை 30-க்கு ஏற்றி, மேக்சிமத்தை 36 ஆக்கினேன். எழுத்து தானாக உதிர்ந்தது. "டியூப் ஆர்டரை கேன்சல் பண்ணிடவா சார்?" என்றார். முன்பணம் திரும்பி வந்ததா என்று நான் கேட்கவில்லை.

இப்போது ஈ.எஸ்.பி.32 போர்டுகள் மலிவு. வைஃபை இருக்கிறது, போனிலிருந்தே ஓட்டலாம். ஆனால் அதன் முனையில் வருவது 3.3 வோல்ட். சப்ளை எதிர்பார்ப்பது 5. அரியலூரில் ஒரு 80 வாட் மெஷினில் இப்படி இணைத்திருந்தார்கள். 5 வோல்ட்டுக்கு 27 மில்லி ஆம்பியர் கொடுக்கும் சப்ளை, 3.3-க்கு 18-க்கு மேல் ஏறவில்லை. ஸ்கிரீனில் நூறு சதவீதம். எட்டு மில்லிமீட்டர் அக்ரிலிக் முக்கால்வாசி ஆழத்தில் நின்றுவிடுகிறது. நடுவில் 74எச்.சி.டி.125 என்ற ஒரு சின்ன ஐ.சி. போட்டு 3.3-ஐ 5 ஆக்கினால் தீர்ந்தது. பிறகு, டியூபுக்கு ஆகாத உயரத்துக்குப் போய்விடாமல் சாஃப்ட்வேரிலேயே மேல்வரம்பு கட்டினேன். இதே வகைப் போர்டுகள் சுவிட்ச் போட்டதும் விழித்துக்கொள்ள ஒரு நொடி எடுக்கும். அந்த நொடியில் டி.எல். முனை யார் கையிலும் இல்லாமல் தொங்கும். மூடி திறந்திருக்கும்போது அது சுட்டால் கண் போகும். டி.எல்.-ஐ 5 வோல்ட்டுக்கு ஒரு ரெசிஸ்டரால் கட்டிவைப்பது செலவே இல்லாத காப்பு. நான் தொட்ட எந்த மெஷினிலும் அதை விடுவதில்லை.

கன்ட்ரோலர் எல்லாம் சரியாகச் சொன்னாலும் ஊர் கெடுக்கும். வயல் மோட்டார்கள் ஓடும் நேரத்தில் லைன் வோல்ட் 180-க்கு வந்துவிடும்; குறைந்த பவரில் தெரியாது, 80 சதவீதத்துக்கு மேல் கரன்ட் தள்ளாடும். கரிசல் மண் சித்திரையில் பிளந்தால் எர்த் குழியும் காய்ந்துபோகும். வாரம் ஒரு முறை தண்ணீர் ஊற்றச் சொன்னால் சிரிப்பார்கள், போர்டு ஒன்று போன பிறகு ஊற்றுவார்கள். சுண்ணாம்புப் பாறை பூமி இது. போர் தண்ணீரை டியூபில் விட்டால் உப்புப் படியும், அதோடு அந்தத் தண்ணீர் மின்சாரத்தையும் கடத்தும். அதனால் கரன்ட் முள் நடுங்கும், பிறகு கன்ட்ரோலர்மேல் பழி விழும். பேட்டரிக் கடை டிஸ்டில்டு வாட்டர்தான் வேண்டும். விசிறி மட்டும் உள்ள சில்லர், அறை வெப்பத்துக்குக் கீழே தண்ணீரைக் கொண்டுபோக முடியாது. நாற்பது டிகிரி வெயிலில் அதை நம்பி டியூபை ஓட்டுவது வீண். இதற்கெல்லாம் மேலே, ஃப்ளோ ஸ்விட்ச் அடிக்கடி மெஷினை நிறுத்துகிறது என்று டபிள்யூ.பி.-யையும் ஜி-யையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிடுகிறவர்கள். அந்தத் துண்டு ஒயரைக் கண்டால் நான் முதலில் அதைப் பிடுங்குவேன், பிறகுதான் வணக்கம்.

என் பையில் எப்போதும் இருப்பது 30 மில்லி ஆம்பியர் முள் மீட்டர். அதை டியூபின் கேதோடு பக்கம், திரும்பி வரும் மெல்லிய ஒயரில்தான் இணைக்க வேண்டும். தடித்த சிவப்பு ஒயரில் கை வைக்கக் கூடாது. சுவிட்சை அணைத்த பிறகும் அதில் சார்ஜ் நிற்கும். எந்தக் கன்ட்ரோலராக இருந்தாலும் மீட்டரை மெஷினிலேயே நிரந்தரமாகப் பொருத்திவிட்டு ஒரு சீட்டு எழுதுவேன். 15 சதவீதத்துக்கு எத்தனை, 30-க்கு எத்தனை, 50, 70 என்று முள் நின்ற இடங்களைக் குறித்து, 60 வாட் டியூப் என்றால் 20 மில்லி ஆம்பியருக்குச் சிவப்புக் கோடு. தேதி போட்டு மூடியின் உட்பக்கம் ஒட்டிவிடுவேன்.

பிறகு "வெட்ட மாட்டேங்குதுண்ணே" என்று போன் வந்தால், 50 சதவீதத்தில் சுட்டு முள்ளைப் பார்த்துச் சொல்லச் சொல்வேன். சீட்டில் உள்ள எண்ணே வந்தால் சப்ளையும் கன்ட்ரோலரும் தங்கள் வேலையைச் செய்கின்றன. லென்ஸைத் துடைத்து, மிரரைப் பார்த்துவிட்டு மறுபடி கூப்பிடச் சொல்வேன், அப்போதும் வெட்டவில்லை என்றால் டியூபுக்கு வயதாகிவிட்டது. எண் குறைந்திருந்தால் அந்த ஆறு ஸ்க்ரூவில்தான் ஏதோ, வண்டியை எடுப்பேன்.